முகமில்லாத பாட்டில்

யதுல்லா வந்து உட்கார்ந்து வெகுநேரமாகியும் தேநீரைத் தொடவில்லை. நஸ்தரன் இரண்டு முறை சொல்லிவிட்டாள். இரண்டு முறையும் அவர் மார்பில் கைவைத்து, "உங்க கைக்கு வலியே வரக்கூடாதும்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்று நன்றியோடு மறுத்தார். மூன்றாவது முறை சொன்னபோது எடுத்தார். குடித்த வேகத்தைப் பார்த்தால் காலையிலிருந்து அவர் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை என்று தெரிந்தது. இந்தக் கெர்மான்ஷா ஊரில் தாகத்தில் செத்துக்கொண்டிருப்பவன்கூட முதல் அழைப்பில் கோப்பையைத் தொடமாட்டான்.

எதிரே மஹ்லகா வெள்ளரிக்காயைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்; ஊரில் மரியாதைக்கு அவளைக் 'கானும்', அதாவது அம்மணி, என்பார்கள். விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வாழ்நாளெல்லாம் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்போது அவளுக்குத் தட்டச்சராக இருந்த நஸ்தரன், இப்போது அவளுக்கு வண்டி ஓட்டுகிறாள், தேநீர் போடுகிறாள், கேட்காமலே சந்தேகங்களை அள்ளி வைக்கிறாள்.

"சொல்லுங்க ஐயா."

"என் பொண்ணு ஹெங்காமேயைப் பிடிச்சு வச்சிருக்காங்க கானும். கூட மலை ஏறுற பொண்ணுக்கு விஷம் வச்சுட்டாள்னு சொல்றாங்க." அவர் அரிசி பிஸ்கட் கடை வைத்திருப்பவர். நக இடுக்குகளில் மாவு வெளுத்திருந்தது. "அந்தப் பொண்ணு தரானேயை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஜானாப் பாட்டில்ல இருக்கிற முகம்."

தெரியாமலா. ஓடுகிறவர்களும் மலை ஏறுகிறவர்களும் குடிப்பதற்கென்று வைட்டமினும் எலுமிச்சை வாசனையும் சேர்த்த மஞ்சள் தண்ணீர் அது. பீஸ்தூன் சாலையில் விளம்பரப் பலகைதோறும் அந்தப் பெண் பாறையில் ஒற்றைக் கையால் தொங்கியபடி சிரிப்பாள். 'குடி, ஏறு' என்று கீழே எழுதியிருக்கும். அந்தச் சிரிப்பைக் கடக்கும்போதெல்லாம் நஸ்தரனுக்கு ஏனோ தன் பல்லும் சேர்ந்து வலிப்பதுபோல் இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை பீஸ்தூன் பாறையில் புது விளம்பரம் எடுத்தார்கள். ஏறுவதற்குச் சற்று முன் தரானே ஒரு பாட்டிலைக் குடித்தாள். பாதிப் பாறையில் அவள் கை தளர்ந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. துணி மூட்டைபோலக் கயிற்றில் தொங்கினாள். கீழே கயிறு பிடித்திருந்தது ஹெங்காமே.

"விடல கானும். ரெண்டு கையாலயும் பிடிச்சு இறக்கினா. உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சு போச்சு. அந்தக் கையோடயே பிடிச்சுட்டுப் போனாங்க." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "தரானே குடிச்ச தண்ணில தூக்க மாத்திரையைப் பொடிச்சுப் போட்டிருக்காம். முந்தின ராத்திரி பாட்டில் பெட்டி எங்க வீட்லதான் இருந்துச்சு. காலைல எடுத்துக் கொடுத்ததும் இவதான். அந்த ஒரு பாட்டில்ல மட்டும் லேபிள் உரிஞ்சிருந்துச்சாம். அடையாளத்துக்கு இவ உரிச்சான்றாங்க."

"ரெண்டு பேருக்கும் ஆகாதா?"

"உயிரா இருப்பாங்க. ஆனா போன வாரம் பயிற்சிக் கூடத்துல சண்டை போட்டாங்களாம். 'நீயா இறங்கிடு, இல்லன்னா நான் சொல்லிடுவேன்'னு இவ கத்தினதைப் பத்துப் பேர் கேட்டிருக்காங்க. தரானே விலகிட்டா அடுத்து இவ முகம்தான் பாட்டில்ல வரும்னு ஒரு பேச்சு. எதுக்குடி சண்டைன்னு கேட்டா சுவரைப் பார்க்கிறா. 'நான் எதுவும் போடலப்பா.' அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல."

"பொய் சொல்ற பொண்ணா?"

அந்தத் துயரத்திலும் யதுல்லாவின் மீசை லேசாக அசைந்தது. "அதுக்கு உபசாரப் பேச்சுகூட வராது கானும். முதல்ல வேண்டாம்னு சொல்ற தாரோஃப்னா என்னன்னே தெரியாம வளர்ந்துடுச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் 'எடுத்துக்கோ'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள எடுத்துடும். ஒரு தடவை துணிக்கடைக்காரர் பேச்சுக்கு, 'உனக்கெல்லாம் காசு எதுக்கு, சும்மா எடுத்துட்டுப் போ'ன்னார். இவ 'ரொம்ப நன்றி'ன்னு சுருட்டிட்டு வந்துட்டா! அவங்கம்மா வெட்கத்துல வேர்த்துப்போய் ஓடிக் கொடுத்துட்டு வந்தா. இப்படிப்பட்டது விஷம் வைக்குமா?"

மஹ்லகா சீவிய தோல் அறுபடாமல் நீண்டு தட்டில் சுருண்டது.

"நாளைக்கு மறுநாள் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க" என்றார் யதுல்லா. "அப்புறம் அது வீட்டுக்கு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்."

*

ஜானாப் நிறுவனத்தின் விளம்பரத்தைக் கவனிப்பவன் கியூமர்ஸ். இனிய குரல், சுத்தமான நகங்கள். அவன் அறைச் சுவர் முழுவதும் தரானேயின் முகம். பக்கத்தில் நின்று பார்த்தால் முகம் தெரியவில்லை, வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன.

"போலீஸ்கிட்ட எல்லாத்தையும் கொடுத்துட்டேன் கானும். எங்க பேரு கெட்டுப்போச்சு. பாவம் தரானே, இதுவரைக்கும் ஒரு நாள் முடியாதுன்னு சொன்னதில்ல. மழைல ஏறச் சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே ஏறுவா." அவன் படத்தை ஓடவிட்டான். "நீங்களே பாருங்க, ரெண்டு பேரும் எப்படி இருந்தாங்கன்னு."

பாறையின் நிழல் கம்பளத்தில் பாதியை மூடியிருந்தது. நடுவில் ரொட்டி, பாலாடைக்கட்டி. ஹெங்காமே பெட்டியிலிருந்து ஆளுக்கொரு பாட்டிலைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். தரானே வாங்கிய பாட்டிலில் அவளுடைய படமே அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் அதைப் பக்கத்தில் இருந்த தன் பைக்கு அருகே வைத்துவிட்டு, ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் நீட்டினாள். ஹெங்காமேவுக்கும்தான். ஹெங்காமே சட்டென்று வாங்கி வாயில் போட்டுக்கொள்ள, யாரோ, "அடி, ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லேண்டி!" என்று கேலி செய்தார்கள். "பசிக்குது, எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்?" என்றாள் அவள்.

பிறகு தரானே கையில் ஒரு பாட்டில். அதில் லேபிள் இல்லை. மூடியைத் திறந்து, ஊர் வழக்கப்படி, இடப்பக்கம் இருந்த கியூமர்ஸிடம் நீட்டி, "எடுத்துக்கோங்க" என்றாள். அவன் மார்பில் கைவைத்து மறுத்தான். அவனுக்கு அடுத்திருந்த பயிற்சியாளர் அம்மாளிடம் நீட்டினாள். அவளும் மறுத்தாள். வலப்பக்கம், தோள் உரசும் தூரத்தில் ஹெங்காமே. அவளிடம் நீட்டவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு மடமடவென்று குடித்து முடித்தாள். ஹெங்காமேயின் கை பாதிவரை வந்து நின்று, பின்வாங்கி மடியில் விழுந்தது.

நஸ்தரனுக்கு அந்தக் கையைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

"பார்த்தீங்களா?" என்றான் கியூமர்ஸ். "எல்லார்கிட்டயும் நீட்டிட்டு அவகிட்ட மட்டும் நீட்டல. பேச்சுவார்த்தை அறுந்துபோச்சுன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் மஹ்லகா. இரண்டாம் முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

கிளம்பும்போது அவன் ஆளுக்கொரு ஜானாப் நீட்டினான். மஹ்லகா வேண்டாம் என்றாள். நஸ்தரன் வாங்கிக்கொண்டாள், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தால் அவளுக்குள் யாரோ அதை மென்று விழுங்கிவிடுவார்கள். அது அவளுடைய பழைய நோய்.

*

தரானேயின் தாய் இஷ்ரத், ஆஸ்பத்திரியிலிருந்து குளித்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்திருந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன.

"முழிச்சுட்டா. ஆனா யார்கிட்டயும் பேசலம்மா. ஹெங்காமேயைப் பிடிச்ச விஷயத்தை நான் சொல்லல. தெரிஞ்சா தாங்கமாட்டா. ஒரே தட்டுல சாப்பிட்டதுங்க." எழுந்து உள்ளே போனவள் இரண்டு கோப்பைகளோடு வந்தாள். மஞ்சள் தண்ணீர். "எடுத்துக்கோங்க. வீட்ல வேற ஒண்ணும் இல்ல, மன்னிக்கணும்."

மஹ்லகா நன்றி சொல்லிக் கோப்பையைக் கீழே வைத்தாள். நஸ்தரன் குடித்தாள். புளிப்பும் இனிப்புமாக, பின்னால் மாத்திரைக் கசப்பு. வைட்டமின் கசப்புதான் என்று சொல்லிக்கொண்டாள்.

"நீங்க தூங்கியே நாளாச்சு போல" என்றாள் மஹ்லகா.

"வருஷக்கணக்கா மாத்திரை போட்டாத்தான் தூக்கம். அதுவும் இந்த மாசம் சீக்கிரமே தீர்ந்து போச்சு. போன புதன்கிழமையே டப்பா காலி. நான்தான் மறதில ரெண்டு ரெண்டா போட்டுட்டேனோ என்னவோ. அதுக்கப்புறம் இந்தக் கஷ்டம் வேற வந்து சேர்ந்துச்சு."

தரானேயின் அறையைக் காட்டினாள். கட்டிலுக்கு அடியில் காலி ஜானாப் பாட்டில்கள் உருண்டு கிடந்தன. ஒன்றிலும் லேபிள் இல்லை. பசையின் வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது.

"செடி வைக்கவா?" என்றாள் நஸ்தரன்.

"இல்லம்மா. குடிக்கிறதுக்கு முன்னாடி உரிச்சுப் போட்டுடுவா. என் மூஞ்சியைப் பிடிச்சுக்கிட்டு எப்படிம்மா குடிக்கிறதுன்னு சிரிப்பா." தாயும் சிரிக்க முயன்றாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மஹ்லகா சாதாரணமாகக் கேட்டாள். "இப்பக் கொடுத்த ஜானாப் கடைல வாங்கினதா?"

"கடைக்கு யார் போறது? அன்னிக்கு மலைலேர்ந்து அவ பை திரும்பி வந்துச்சே, அதுல இருந்துச்சு. லேபிள்கூட உரிக்காம, திறக்காத பாட்டில். மூடியைத் திருகவே கஷ்டமா இருந்துச்சு, பல்லால கடிச்சுத் திறந்தேன்."

நஸ்தரன் புறங்கையால் வாயை அழுத்தித் துடைத்தாள். 

*

"வண்டியை நீங்க ஓட்டுங்க கானும். எனக்குக் கண்ணைச் சொக்குது."

"சொக்காது. ஓட்டு."

"அன்னிக்கு வந்த பெட்டில இருந்த பாட்டில்! ஹெங்காமே கையால கொடுத்தது!"

"அதனாலதான் சொக்காதுன்னு சொல்றேன், நஸ்தரன் ஜான், கண்ணு. யோசிச்சுப் பாரு."

நஸ்தரன் யோசிக்கவில்லை, பயந்தாள். பீஸ்தூன் சாலையில் பலகைகள் ஒவ்வொன்றாக எதிரே வந்தன. மாலை வெளிச்சத்தில் மலை கறுத்து, ஊரின் மேல் சாயப்போவதுபோல நின்றது. ஓட்டிக்கொண்டே தன் கண்ணிமைகளைக் கண்காணித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பயத்தில் தூக்கம் எங்கிருந்து வரும்?

"கியூமர்ஸ்தான்" என்றாள் திடீரென்று. "அவன் பக்கத்துலதான உட்கார்ந்திருந்தான்? பாட்டிலை மாத்திட்டான். மேல ஏறின பொண்ணு மயங்கி விழுந்தா ஊரே பேசும், விளம்பரம்!"

"ஜானாப் குடிச்சவ மயங்கினான்னா? நல்ல விளம்பரம்." மஹ்லகாவின் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்து மறைந்தது. "வேற ஒண்ணு கேட்கிறேன். உங்க அண்ணிமேல உனக்குக் கோபம் வந்தா, அவங்களுக்குத் தேநீர் கொடுக்காம விட்டுடுவியா?"

"ஐயோ, எப்படி விடறது? கோபமா இருக்கறப்பதான் இன்னும் ரெண்டு தடவை கூடச் சொல்வேன். 'இதையும் எடுத்துக்கோங்க, என் மேல சத்தியம்'னு. உள்ளுக்குள்ள கொதிக்கும், வாய்ல தேன் ஒழுகும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே தன் வார்த்தை வினோதமாகக் கேட்டது.

"எல்லாரும் அப்படித்தான்" என்றாள் மஹ்லகா. "அப்ப தரானே ஏன் நீட்டல?"

*

மறுநாள் காலை ஆஸ்பத்திரி அறையில், மஹ்லகா வரச்சொன்ன போலீஸ் அதிகாரி ஜன்னலோரம் நின்றார். இஷ்ரத் மகளின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். யதுல்லா கதவருகே, உள்ளே வாங்க என்று மூன்று முறை அழைத்தும் அதற்கு மேல் வரவில்லை. கியூமர்ஸ் பூங்கொத்தோடு வந்திருந்தான். கட்டிலில் தரானே. பலகையில் பார்த்த முகத்தை நஸ்தரன் தேடினாள், கிடைக்கவில்லை. இது சிறியது, மஞ்சள் பூத்தது, சிரிக்காதது.

மஹ்லகா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதிகாரி ஐயா, ஹெங்காமே கொடுத்த பாட்டில்ல லேபிள் இருந்துச்சு. படத்துல தெளிவாத் தெரியுது. தரானே குடிச்சதுல லேபிள் இல்ல."

"நடுவுல உரிச்சிருப்பா."

"உரிச்சிருந்தா, ஹெங்காமே கொடுத்த பாட்டில் காலியாகியிருக்கணும். ஆனா அது மூடிகூடத் திறக்காம, லேபிளோட, பைல வீட்டுக்குத் திரும்பி வந்துடுச்சு. இதோ இவங்கம்மா பல்லால கடிச்சுத் திறந்து எங்களுக்கே கொடுத்தாங்க. நஸ்தரன் முழுசாக் குடிச்சா. ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு எனக்கு நாலு தடவை போன் பண்ணினா."



"அப்ப விஷப் பாட்டில் எங்கிருந்து வந்துச்சு?" என்றார் அதிகாரி.

"லேபிளை உரிக்கிற வழக்கம் எந்த வீட்ல இருக்கோ அங்கேர்ந்து. தூக்க மாத்திரை கணக்குக்கு முன்னாடியே தீர்ந்துபோன வீட்லேர்ந்து."

இஷ்ரத்தின் கை வாய்க்குப் போனது. தரானே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தரானே தனக்குத்தானே போட்டுக்கிட்டாளா? என்ன பேச்சு இது!" என்றான் கியூமர்ஸ்.

"நீங்கதான் அதுக்குச் சாட்சி. பாட்டிலை உங்ககிட்ட நீட்டினா. ஒரு பொண்ணு வாய் வைக்கப்போற பாட்டிலை நீங்க வாங்கமாட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும். பயிற்சியாளரும் முதல் தடவைல வாங்கமாட்டாங்க. உபசாரம் செஞ்ச மாதிரியும் ஆச்சு, ஆபத்தும் இல்ல. ஆனா அந்தக் கம்பளத்துல ஒரே ஒருத்தி இருந்தா, நீட்டினா உடனே வாங்கிக் குடிச்சிடுற ஒருத்தி. ரொட்டியைக்கூட அப்படித்தான் வாங்கினா, எல்லாரும் கேலி பண்ணினாங்க." மஹ்லகாவின் குரல் தாழ்ந்தது. "பகைன்னு நினைச்சீங்களே அதிகாரி ஐயா, பகை இருந்தா நீட்டியிருப்பா. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவ, தன் உயிருக்கு உயிரானவளுக்கு மட்டும் நீட்டல. கீழே கயிறு பிடிக்கப்போறது அவதானே."

 நஸ்தரனுக்குப் பாதிவரை வந்து மடியில் விழுந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது.

"தரானே," என்றாள் மஹ்லகா, "ஹெங்காமேயைப் பிடிச்சு வச்சிருக்காங்க. உனக்கு விஷம் வச்சதா."

கட்டில் கிறீச்சிட்டது. ஊசி குத்தியிருந்த கையை ஊன்றி அவள் எழுந்துவிட்டாள்.

"அவளையா? அவ என்ன பண்ணினா?" குரல் துருப்பிடித்திருந்தது. "அம்மா, ஏம்மா சொல்லல? நான்தான் போட்டேன். எல்லாம் நான்தான். அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்குப் பயம்ங்கறதுதான்."

"என்ன பயம்?"

"உயரம்." அந்த வார்த்தையை முதல்முறையாக வெளியே எடுப்பவள்போலச் சொன்னாள். "வசந்த காலத்துல ஒரு தடவை கால் நழுவுச்சு. ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கப்புறம் பாறையைத் தொட்டாலே கை மரத்துப்போகும். அவதான் கண்டுபிடிச்சா. 'நீயா இறங்கிடு, இல்லன்னா நான் சொல்லிடுவேன்'னு கத்தினா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். எப்படிச் சொல்றது? ஊரெல்லாம் நான் தொங்கிக்கிட்டு நிக்கிறேன், சிரிச்சுக்கிட்டு."

ஜெயிலுக்குள்ளும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவளின் தகப்பனார் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"கீழேயே தூங்கிட்டா அன்னிக்கு ஏற வேண்டாம்னு நினைச்சேன். ஜானாப் குடிச்சுத்தான் ஆச்சுன்னு சொல்வாங்க. அப்புறம் என் மூஞ்சியை எடுத்துடுவாங்க."

"ஆனா ஏறினியே," என்றாள் நஸ்தரன். தன்னையறியாமல் கேட்டுவிட்டாள். "மருந்து உள்ள இருக்குன்னு தெரிஞ்சும், ஏன் ஏறினே?"

தரானே அவளைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையாகவே விடை தேடுபவள்போல நேரமெடுத்துக்கொண்டாள்.

"தூக்கம் இன்னும் வரல. கேமரா ஓடிக்கிட்டிருந்துச்சு. 'தயாரா?'ன்னு கேட்டாங்க. 'தயார்'னுட்டேன்."

நஸ்தரன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுடைய கைப்பையில் கியூமர்ஸ் கொடுத்த ஜானாப் இன்னும் இருந்தது. இவ்வளவு நேரமும் அதன் கனம் தோளை இழுத்துக்கொண்டிருந்தது இப்போதுதான் உறைத்தது.

*

சாயங்காலம் ஹெங்காமேயை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டு கையிலும் கட்டு, முழங்கைவரை. கட்டிலருகே வந்து நின்றாள்.  தரானே மேசையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள், வெறும் தண்ணீர்தான். அவளிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கோ."

சொல்லி முடிப்பதற்குள் ஹெங்காமே குனிந்து, கட்டுப்போட்ட கைகளால் அவள் கையோடு சேர்த்துப் பிடித்து, ஒரே மடக்கில் குடித்தாள். "காலைலேர்ந்து ஒரு சொட்டு கொடுக்கலடி" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. அப்போதுதான் தரானே அழுதாள்.

அறைக்கு வெளியே நடையில் கியூமர்ஸ் காத்திருந்தான். பூங்கொத்து இன்னும் கையில் இருந்தது. யாருக்கென்று தீர்மானிக்க முடியாமல் வைத்திருப்பவன்போல. ஹெங்காமே வெளியே வந்ததும் முன்னால் வந்தான். பார்வை அவள் முகத்துக்குப் போகாமல் கட்டுகளிலேயே நின்றது.

"உன் தைரியத்துக்கு நான் அடிமைம்மா. இந்தக் கை எப்ப ஆறும்? ஆறலன்னாலும் பரவாயில்ல. கட்டோடயே ஒரு படம் எடுத்தா, தோழியை விடாத கைன்னு போடலாம். ஊரே அழும். நல்ல சம்பளம். வர்றியா?"

எடுத்துக்கோ என்றால் எடுத்துக்கொள்கிறவள். யதுல்லா ஓரடி முன்னால் வந்தார். நஸ்தரனும்தான். ஹெங்காமே அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்து, லேசாகத் தலை சாய்த்தாள்.

"வேண்டாம்."

கியூமர்ஸ் புன்னகைத்தான். அவனுக்கு வழக்கம் தெரியும். முதல் வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்றும் தெரியும்.

"சும்மா சொல்லாதே. வாம்மா, என் மேல சத்தியமா."

"அதான் வேண்டாம்னு சொல்லிட்டேனே" என்றாள் அவள், புரியாதவனிடம் பேசுவதுபோல. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கியூமர்ஸின் புன்னகை போகவில்லை. அங்கேயே நின்று, மெதுவாகத் திரும்பி, நடையில் மிச்சமிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பார்வை நஸ்தரனிடம் வந்தபோது, பூங்கொத்தை அவள் பக்கம் நீட்டினான்.

"நீங்களாவது எடுத்துக்கோங்க கானும்."

நஸ்தரனின் கை பாதிவரை போனது. அங்கேயே நின்றது.